மூன்றாவது வாக்கியம்

ஜனவரி 1, வியாழன்

மனைவி பகவதி வாங்கிவந்த இந்நாட்குறிப்பேட்டின் தாள் சற்று மெல்லியது. மை மறுபக்கம் ஊறுகிறது. எனினும் வீணாக்கலாகாது. சென்ற ஆண்டுகளில் கடைப்பிடித்த நெறி இவ்வாண்டும் தொடரும்: நிகழ்ந்தவை மட்டுமே எழுதப்படும்; எண்கள் சரிபார்க்கப்பட்ட பின்னரே பதியப்படும்; உணர்ச்சிகளுக்கு இங்கே இடமில்லை.

மொட்டைமாடித் தொட்டியின் மிதவை பழுது. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னார். எந்த நாளை என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போனார்.

ஜனவரி 4, ஞாயிறு

மகள் ஆதிரைக்குத் தனிப்பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு. காலையில் தலைவலி என்றாள். செல்லவில்லை. தைலம் கொடுத்தேன்.

பிளம்பர் வரவில்லை.

ஜனவரி 5, திங்கள்

மனமாற்றத் திட்டத்தின் இறுதி அறிக்கையை எழுதும் பொறுப்பு முறைப்படி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் எனக்கே நினைவு பிறழக்கூடும் என்பதால் சுருக்கத்தை இங்கே பதிகிறேன்.

ஆய்வின் கேள்வி: படிப்பைப் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோரும் கொண்டிருக்கும் மனப்பாங்கை மாற்றினால், பிள்ளைகளின் கல்வி அடைவு உயருமா? மாவட்டத்தில் பீடி சுற்றும் ஊர்களின் நடுநிலைப்பள்ளிகள் இருபதைத் தெரிவு செய்து, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தேன். பத்துப் பள்ளிகளில் திட்டம் நடந்தது, பத்தில் நடக்கவில்லை. தொடக்கத்தில் எல்லாப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பினருக்கும் ஒரு தேர்வு வைத்தோம், இம்மாதம் இன்னொன்று. இடையில், திட்டப் பள்ளிகளின் பெற்றோருக்கு வாரம் ஒரு கூட்டம். கூட்டங்களின் நிறைவில் ஓர் உறுதிமொழி. அதன் மூன்று வாக்கியங்களையும் நானே எழுதினேன்:

‘என் பிள்ளையால் முடியும் என்று நம்புவேன். படிக்கும் நேரத்தில் என் பிள்ளைக்குப் பீடி வேலை தரமாட்டேன். என் பிள்ளையால் பள்ளிக்குத் தலைகுனிவு வரவிடமாட்டேன்.’

மூன்றாவது வாக்கியத்தைக் கல்வித் துறையின் இணை இயக்குநர் மிகவும் பாராட்டினார். “இதுதான் ஆவுடை சார் நச்சுன்னு இருக்கு” என்றார். உறுதிமொழித் தாளின் அடியில், விதிப்படி, ‘உறுதி பெறுபவர்: முனைவர் ஆவுடைநாயகம், முதுநிலை விரிவுரையாளர்’ என்று என் பெயர் அச்சாகியிருந்தது.

தேர்வன்று வராத பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது ஆய்வின் விதிகளில் ஒன்று. அதுவும் நான் எழுதியதே.

ஜனவரி 8, வியாழன்

கிராமக் கூட்டங்களை நடத்திய ஒருங்கிணைப்பாளர் ஜெனிபா தம் குறிப்புகளை ஒப்படைத்தார். இருபத்தாறு வயதுப் பெண், சுறுசுறுப்பு, கோப்புகளில் நாள் குறிக்கும் பழக்கம் இல்லை. மேலப்பூவாணி என்னும் ஊரில் உறுதிமொழி ஏற்ற விதத்தை அவர் சொன்னபோது எழுதுவதை நிறுத்தினேன்.

“கோயில்லயா? அரசுத் திட்டத்தின் உறுதிமொழியையா?”

“நான் சொல்லல சார். அவங்களேதான். ‘பேப்பர்ல கைநாட்டு வச்சா அது கடன் பத்திரம் மாதிரில்லா இருக்கு, எங்க ஆத்தா முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுதோம்’னாங்க. ஒவ்வொருத்தரா வந்து, எரியுற சூடத்து மேல உள்ளங்கையால அடிச்சு... அம்மாடி! நான் வெளிய வேப்பமரத்தடியிலதான் நின்னேன் சார். எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிருவாரு.”

“நீங்கள் தடுத்திருக்க வேண்டும்.”

“தடுத்திருந்தா யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க சார். இப்ப பாருங்க, மத்த ஒன்பது ஊர்லயும் தாளை வாங்கிப் பரண்ல போட்டுட்டாங்க. மேலப்பூவாணியில மட்டும் சாயந்தரம் ஆறு மணிக்கு மேல பொம்பளப்புள்ளைங்க கையில பீடி இலை இல்ல.”

என் ஆட்சேபத்தைக் கோப்பில் பதிவு செய்தேன். மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.

அதே ஊரின் விவரத்தாளில், கணித ஆசிரியர் பணியிடம் சென்ற ஆண்டிலிருந்து காலி என்று இருந்தது. இது ஆய்வின் எல்லைக்குள் வராது. கோடிட்டு நீக்கினேன்.

ஜனவரி 11, ஞாயிறு

ஆதிரைக்கு மாதிரித் தேர்வு. தலைவலி. கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மிதவை சரியாயிற்று. பண்டிகை நாளில் வந்ததற்காகப் பிளம்பர் இருமடங்கு கேட்டார். இரண்டாம் தேதியே வந்திருக்க வேண்டியவர் என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

ஆதிரை நண்பகல்வரை அறையில் இருந்தாள். பகவதி, “ஏங்க, அந்த ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கீங்களே, அதை எடுத்துரலாமா?” என்று கேட்டாள். அவள் குறிப்பிட்டது நம் வீட்டு உறுதிமொழி. ஊரார்க்குச் சொல்வதை முதலில் வீட்டில் கடைப்பிடிப்பதே முறை என்பதால், ஜூலையில் மூவரும் கையெழுத்திட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்துப் பொருத்தினோம். மூன்றாவது வாக்கியத்தில் ‘பள்ளிக்கு’ என்பதை ‘குடும்பத்துக்கு’ என மாற்றியிருந்தேன். மற்றபடி அதுவே.

எடுப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை என்றேன்.

ஜனவரி 22, வியாழன்

இருபது பள்ளிகளிலும் இறுதித் தேர்வு நடந்தது. குறை ஏதுமில்லை. மேலப்பூவாணியில் வருகை சற்றுக் குறைவு. முப்பத்து நால்வரில் இருபத்தொருவர். பண்டிகைக்குப் பிந்தைய காய்ச்சலாக இருக்கலாம்.

ஜனவரி 30, வெள்ளி

இதை எழுதும் முன் மும்முறை சரிபார்த்தேன்.

மேலப்பூவாணி எட்டாம் வகுப்பின் கணிதச் சராசரி, தொடக்கத் தேர்வில் நாற்பதுக்குப் பதினைந்து. இப்போது இருபத்து மூன்று. இருபது பள்ளிகளிலும் இதுவே முதலிடம். சென்ற ஆண்டு முழுவதும் அப்பள்ளியில் கணித ஆசிரியரே இல்லை. தலைமையாசிரியர் தங்கப்பழம்தான் இடையிடையே பார்த்துக்கொண்டார். ஆசிரியர் இன்றியே ஒரு வகுப்பு ஒன்றரை மடங்கு உயர்ந்திருக்கிறது. மனப்பாங்கு ஒன்றே மாறியது.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டேன். ஐம்பது வயதில் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்வது நல்லதன்று. இது நிகழ்வா உணர்ச்சியா என்பது தெளிவாகாமையால் பதிகிறேன்.

மாலையில் இணை இயக்குநர் தொலைபேசினார். “கலக்கிட்டீங்க ஆவுடை சார்! செலவே இல்லாத சீர்திருத்தம்! வர்ற ஜூன்ல மாவட்டம் பூராவும் கொண்டுபோறோம். ஆறாம் தேதி சென்னையிலேர்ந்து ஒரு குழு வருது. அந்த ஊர்ல பசங்களுக்கு அவங்க கண்ணு முன்னால கணக்கு டெஸ்ட் ஒண்ணு வைங்க.”

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆதிரைக்குத் தலைவலி. கண் மருத்துவர் பார்வையில் குறையில்லை என்றார். கட்டணச்சீட்டுத் தரவில்லை, கேட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

தேர்வு மையத்திற்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றுவிட வேண்டும் என்பது விதி. ஜீப் சென்னைக் குழுவினருக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் நான் பேருந்தில் போனேன். மேலப்பூவாணி நிறுத்தம் முப்பிடாதி அம்மன் கோயிலின் எதிரில் இருக்கிறது. இறங்கியதும் வெல்லமும் நெய்யும் மணத்தன. கோயில் வாசலில் மூன்று கல் கூட்டிச் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். கொடைவிழாவோ என்று உள்ளே எட்டிப் பார்த்தேன்.

மண்டபத்தில் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தலை வாரி, ரிப்பன் கட்டி, நெற்றியில் திருநீறு இட்டு. கையில் வாழையிலைத் துண்டு.

முன்னால் இருந்த சிறுமியிடம், பள்ளிக்கு இன்னும் போகவில்லையா, இன்று தேர்வாயிற்றே என்று கேட்டேன்.

“தெரியும் சார். படிக்கிறவுக போயிருக்காவ. நாங்க மக்கு. அதான் இங்க இருக்கோம்.”

வருத்தமே இல்லாமல் சொன்னாள். இடது, வலது என்று திசை சொல்வதைப் போல. பக்கத்தில் இருந்த பையன், “போன பரிச்சைக்கும் இங்கனதான் சார் இருந்தோம். அன்னைக்குப் புளியோதரை” என்றான்.

எண்ணினேன். பதின்மூன்று பேர்.

சிறுமியின் தாய் கரண்டியும் கையுமாக வந்தார். பெயர் இசக்கித்தாய் என்றும், மகள் பெயர் அம்மன் பெயரே, முப்பிடாதி என்றும் பின்னர் அறிந்தேன். நான் யாரெனச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆவுடைநாயகம் சாரா? தாளுல பேரு போட்டிருந்துச்சே, அந்த சாரா? ஏட்டி, எந்திரிங்கட்டி எல்லாரும்! சாருக்கு வணக்கம் சொல்லுங்க!”

பிள்ளைகள் எழுந்து வணங்கினார்கள்.

இவர்களை ஏன் தேர்வுக்கு அனுப்பவில்லை என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை வியப்புடன் பார்த்தார்.

“என்ன சார், நீங்களே இப்பிடிக் கேக்கிய? எங்க புள்ளையளால பள்ளிக்கூடத்துக்குத் தலைகுனிவு வரவிட மாட்டோம்னு சூடம் அணைச்சிருக்கோம்லா? இவ எழுதுனா முட்டை வாங்குவா. தலைகுனிவா இல்லியா? அதான், பரிச்சை அன்னைக்கு மட்டும் ஆத்தா மடியில உக்கார வச்சிருக்கோம். புள்ளைய ஏங்கிரப்புடாதுன்னு ஆளுக்கு ஒரு படி அரிசி போட்டுப் பொங்குதோம்.”

“யார் உங்களை இவ்வாறு செய்யச் சொன்னது? தலைமையாசிரியரா?”

“யாரும் சொல்லல சார். எங்க புள்ளையள எங்களுக்குத் தெரியாதா?”

“உங்கள் பிள்ளையால் முடியும் என்று நம்புவதாகவும் உறுதி கூறினீர்களே?”

“நம்புதோமே! முடியும், ஆனா இன்னைக்கு முடியாதுல்லா? கணக்கு சாரு மாத்தலாகிப் போயி ஒரு வருசமாச்சு. சொல்லிக்குடுக்காம எப்பிடி முடியும்?”

சிரித்துக்கொண்டே என் கையில் ஓர் இலையைத் திணித்தார். பொங்கல் சுடச்சுட இருந்தது. தின்றேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் தின்றேன்.

பத்து மணிக்குக் குழு வந்தது. இருபத்தொரு பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். குழுத் தலைவர் விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கையிலும் நெய்ப்பிசுக்கு இருந்தது. தட்டினேன்.



பிப்ரவரி 7, சனி

தலைமையாசிரியர் தங்கப்பழத்திடம் தொலைபேசியில் பேசினேன். “அவங்களா வரல சார், நானா வரவேண்டாம்னு சொல்லல” என்றார். வாக்கியத்தைக் குறித்துக்கொண்டேன். குற்றம் காண முடியாத வாக்கியம்.

அந்தப் பதின்மூன்று பிள்ளைகளின் தொடக்கத் தேர்வு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் கீழ்வரிசை. ஒருவரைக்கூடத் தாய்மார்கள் தவறாகக் கணிக்கவில்லை. எஞ்சிய இருபத்தொருவரின் தொடக்கச் சராசரியைத் தனியே கணக்கிட்டேன். அப்போதும் அவர்கள் ஏறத்தாழ இருபத்து மூன்றுதான் எடுத்திருந்தார்கள்.

எவரும் உயரவில்லை. பதின்மூன்று பேர் மறைந்தார்கள். அவ்வளவுதான் நிகழ்ந்தது. மறைந்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கும் விதி என்னுடையது. அவர்களை மறையச் செய்த வாக்கியமும் என்னுடையது.

இணை இயக்குநரிடம் சொன்னேன். 

“ஆவுடை சார். ஆப்சென்ட்னா ஆப்சென்ட். சேர்க்கக்கூடாதுன்னு நீங்கதான ரூல் எழுதினீங்க?”

“ஆம்.”

“அப்புறம் என்ன? ரூலை மீறச் சொல்றீங்களா? நீங்களா?”

விதித்தாளை எடுத்து அந்த விதியை மீண்டும் படித்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆதிரைக்குத் தலைவலி. மாதிரித் தேர்வு.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் பின்னோக்கிப் புரட்டினேன். பிறகு மூடிவைத்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு மேலப்பூவாணி சென்றேன். கட்டாயக் கல்விச் சட்டத்தின் நகலையும் கொண்டுபோனேன். ஜெனிபா உடன் வந்தார்.

இசக்கித்தாய் வாசலில் சொளவு என்னும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முப்பிடாதியும் சுற்றிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை, பதினொரு மணி. ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

“இனிமே போகமாட்டா சார். ஏப்ரல்ல முழுப்பரிச்சை வருதாம்லா? ஒவ்வொரு பரிச்சைக்கும் கோயில்லயே ஒளிச்சு வைக்க முடியுமா? ஆத்தாளே என்னட்டி இதுன்னு கேட்டுருவா. பள்ளிக்கூடத்துல பேரு இருந்தாத்தான தலைகுனிவு? பேரையே எடுத்துட்டா? கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லுல ஆளெடுக்காவ. மாசி பொறந்ததும், ஞாயித்துக்கெழம வேன் வருது.”

“அவளுக்கு வயது பதின்மூன்று.”

“பதினாறுன்னு எழுதிக்கிடுவாவளாம்.”

முப்பிடாதி தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் இலையைச் சுருட்டி மடக்கிக்கொண்டிருந்தன.

சட்டப்பிரிவுகளைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தூள் படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“சார், நீங்க பெரிய படிப்புப் படிச்சவுக. ஒண்ணு கேக்கேன். சத்தியத்த மீறி இவள நான் பரிச்சைக்கு அனுப்பி, இவ முட்டை வாங்கி, ஆத்தா கோவத்துல இவளுக்கு அம்மை போட்டுட்டா, உங்க சட்டம் வந்து எறக்குமா? எம் மூத்தவ அப்பிடித்தான் போனா. ஆறு வயசுல.”

சட்ட நகலை மடித்தேன். மடிப்பு நேராக வரவில்லை.

ஜெனிபாதான் பேசினார். “அக்கா, செஞ்ச சத்தியத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லையா?”

“செஞ்சவுக எடுக்க முடியாது தாயி. வாங்குனவுகதான் திருப்பிக் குடுக்கணும்.” என்னைப் பார்த்தார். “தாளுல இவுக பேருதான போட்டிருந்துச்சு.”

பூசாரியிடம் போய்க் கேட்டோம். அவர் விவரித்தார்: சத்தியத்தைச் சூடம் அணைத்துச் செய்வார்கள், திருப்பித் தருபவர் சூடத்தை அணைக்கக் கூடாது. வெற்றிலையில் வைத்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அது தானாக எரிந்து தீர வேண்டும். பாதியில் போட்டுவிட்டால் சத்தியம் அப்படியே நிற்கும்.

“உங்களால முடியாது சார். பேனா புடிக்கிற கை” என்றார்.

திரும்பி வரும்போது ஜெனிபா, “சார், இதையும் கோப்புல ஆட்சேபம்னு பதிவு பண்ணிருவீங்களா?” என்று கேட்டார். கேலி செய்கிறார் என்பது பேருந்து பாளையங்கோட்டையை அடைந்த பிறகுதான் விளங்கியது.

பிப்ரவரி 11, புதன்

அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இதற்குத் தடை இருக்கிறதா என்று தேடினேன். தடை இல்லை. அனுமதியும் இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

மாசி முதல் நாள்.

இதை இடக்கையால் எழுதுகிறேன். சுருக்கமாக இருக்கும்.

மாலையில் கோயில் வாசலில் தாய்மார்கள் கூடியிருந்தார்கள். ஜெனிபா வேப்பமரத்தடியில். பூசாரி வெற்றிலையை என் உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் சூடத்தை வைத்து ஏற்றினார். முதலில் ஒளி மட்டும். பிறகு வெற்றிலை சுருங்கிக் கருகியது. பிறகு வேறொன்றும் நினைவில்லை. கை மட்டும் இருந்தது.

சொல்லவேண்டியதை முன்னதாகவே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். ‘உங்கள் பிள்ளைகளின் அடைவு எந்நிலையில் இருப்பினும் அதனால் பள்ளிக்கோ...’ என்று தொடங்கினேன்.

“வெளங்குத மாதிரி சொல்லுங்க சார்!” என்றார் இசக்கித்தாய். “சூடம் தீந்துரும்!”

“மார்க்கு குறைஞ்சா தலைகுனிவு இல்ல” என்றேன். “முட்டை வாங்கினாலும் இல்ல. எனக்கு இல்ல. பள்ளிக்கூடத்துக்கு இல்ல. நான் எழுதினது தப்பு. உங்க சத்தியத்தைத் திருப்பித் தந்துட்டேன். வாங்கிக்கோங்க.”

கத்தினேன் என்று ஜெனிபா பிறகு சொன்னார்.

 பிறகு பெண்கள் குலவை இட்டார்கள். சுடர் தாழ்ந்து, நீலமாகி, இல்லாமல் போனது. இசக்கித்தாய் மஞ்சள் தண்ணீரை என் கையில் ஊற்றிக்கொண்டே அழுதார். “பாவி மனுசா, இதுக்குப் போயி இப்பிடி ஒரு வாக்கியத்த எழுதுவாவளா?” என்றார். என்னை இதுவரை எவரும் பாவி மனுசா என்று அழைத்ததில்லை.

வீட்டில் பகவதி, அடுப்பில் சுட்டுக்கொண்டதாக நான் சொன்னதை நம்பவில்லை. நான் அடுப்படிக்குப் போவதே இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வேன் வந்து போனதாம். முப்பிடாதி ஏறவில்லை. ஜெனிபா தொலைபேசியில் சொன்னார்.

இன்று ஆதிரைக்கு மாதிரித் தேர்வு. காலையில் தலைவலி என்றாள். தைலத்தை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். வலக்கையில் கட்டு இருந்ததால் மூடியைத் திறக்க முடியவில்லை. அவளே வாங்கித் திறந்தாள். தன் நெற்றியில் தடவவில்லை. என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா ஜெனிபா அக்காகிட்ட கேட்டுட்டாங்க” என்றாள்.

“அப்படியா?”

“ரொம்ப வலிச்சுதாப்பா?”

“ஆம்.”

தைலத்தை மூடிவைத்துவிட்டு, “அந்தப் பசங்களுக்கு மட்டும்தானா?” என்று கேட்டாள்.

என்ன கேட்கிறாள் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை என்று எழுத விரும்புகிறேன். அது உண்மையன்று. இம்மேசை மேல் கிடக்கும் நாட்குறிப்பில், ஞாயிறு ஞாயிறாக, என் கையெழுத்திலேயே அது இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குத் தலை வலித்ததில்லை.

சமையலறைக்குப் போனேன். இடக்கையால் காந்தத்தை எடுத்தேன். தாள் கீழே விழுந்தது. பகவதி சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பிசைவதை நிறுத்தினாள்.

மீண்டும் ஆதிரையிடம் வந்தபோது, கோயிலில் சொன்னதைச் சொல்ல நினைத்தேன். அங்கே வந்த சொற்கள் இங்கே வரவில்லை. கையில் சூடு இல்லாதது காரணமாக இருக்கலாம். தாளை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை. நான்காக மடித்தாள், என்னைப் போலவே ஓரங்கள் சேரும்படி மடித்தாள்.

தேர்வுக்குப் போகவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை.

பிப்ரவரி 18, புதன்

மேலப்பூவாணியில் மறுதேர்வு. நானே நடத்தினேன். முப்பத்து நால்வரும் வந்திருந்தார்கள். கோயிலில் பொங்கல் இல்லை என்பதில், அன்று புளியோதரையைச் சொன்ன அந்தப் பையனுக்கு மட்டும் குறை.

முப்பிடாதி முதல் வரிசையில் உட்கார்ந்து, எழுதியதை எழுதியதை அழித்து, கடைசிவரை எழுதினாள். தாளை அங்கேயே திருத்தச் சொல்லி நின்றாள். திருத்தினேன்.

“எம்புட்டு சார்?”

“ஆறு.”

“நாப்பதுக்கா?”

“நாற்பதுக்கு.”

“கொறவுதான சார்?”

“குறைவுதான்.”

“பெறகு ஏன் சார் சிரிக்கிய?”

நான் சிரித்தது எனக்குத் தெரியாது. பக்கத்து வரிசைப் பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

அறிக்கையை ஒப்படைத்தேன். மேலப்பூவாணியின் சராசரி பதினைந்து, தொடங்கிய இடம். திட்டப் பள்ளிகளுக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் இடையே அடைவில் வேறுபாடு இல்லை. முடிவுரையில் எழுதியது: ‘மனப்பாங்கு மாறியது, அதில் ஐயமில்லை. அடைவு மாறவில்லை. மாறிய மனப்பாங்கு பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது என்பதை நாங்கள் அளக்கவில்லை.’ முதல் பரிந்துரை: மேலப்பூவாணிக்கு உடனே கணித ஆசிரியர். ஜனவரியில் கோடிட்டு நீக்கிய வரியைத் திரும்பவும் எழுதினேன். அடித்தல் திருத்தலுடன்.

இணை இயக்குநர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, “கையில என்ன சார் கட்டு?” என்று கேட்டார். சூடம் என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. ஜூன் மாதத் திட்டம் குறித்தும் அவர் எதுவும் பேசவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

மொட்டைமாடித் தொட்டி மறுபடியும் வழிகிறது.

காலை ஏழு மணிக்கு ஆதிரை தானாகவே கிளம்பினாள். மாதிரித் தேர்வில் இதுவே கடைசி. பேருந்து நிறுத்தம்வரை உடன் போனேன். எதுவும் சொல்ல வேண்டாம் என்று பகவதி எச்சரித்திருந்தாள், சொல்லவில்லை.

மாலையில் விடைத்தாளுடன் வந்து, காலணிகளைக் கழற்றாமலேயே என் எதிரில் நின்று மதிப்பெண்ணைச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் முகம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அவள் காலணிகளைக் கழற்றிவிட்டு, பகவதியிடம் பசிக்கிறது என்றாள்.

அந்த எண்ணை மும்முறை சரிபார்த்தேன். இங்கே எழுதப் போவதில்லை.